வலி போனாலும் நிதானம் திரும்பவில்லை

முழங்காலில் சத்திர சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒரு தாய், வலி சற்றுக் குறைந்ததும் பழையபடி அடுப்படிக்குள் நுழைந்துவிடுகிறாள். வீட்டாரும் ‘உம்மாவுக்குச் சுகம்’ என்று நிம்மதியடைகின்றனர். அன்புச் சகோதரிகளே, அதிக கவனம் வேண்டியது இந்தக் கட்டத்தில்தான்.

ஒவ்வொரு முழங்காலிலும், தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே, பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புத் தகடுகள் உள்ளன. மெனிஸ்கஸ் என்பது அவற்றின் பெயர். உடற்பாரத்தை மூட்டெங்கும் பரவச் செய்வதே அவற்றின் வேலை என்று பலரும் எண்ணுகின்றனர். இன்னொரு வேலையும் உண்டு. அவற்றின் முனைகளிலுள்ள நரம்பு நுனிகள், கால் எவ்வளவு மடிந்திருக்கிறது, எப்பக்கம் சாய்கிறது என்ற செய்தியை மூளைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. தகடு கிழிந்தால் அச்செய்தி குன்றிவிடுகிறது. போதாக்குறைக்கு, மூட்டில் வீக்கம் இருக்கும்வரை முன்தொடைத் தசை முழுப் பலத்துடன் இயங்காது. விரைவில் மெலிந்தும் போகும்.

நாம் விழாமல் நிற்பதற்குக் கண்ணும், உட்காதும், மூட்டுத் தசைகளும் சேர்ந்து உழைக்கின்றன. முழங்காலின் பங்கு குறைந்தால் கண் அதை ஓரளவு ஈடுசெய்துவிடும். பகல் வெளிச்சத்தில் குறை தெரியாமலிருப்பது இதனால்தான். சுபஹுக்கு இருட்டில் எழும்பி நடக்கும்போதும், முகத்தில் சவர்க்காரம் பூசிக் கண்ணை மூடும்போதும் அது வெளிப்படும். வுழூவைப் பாருங்கள். ஈரத் தரையில் நின்று ஒரு காலைத் தூக்கிக் குழாயடியில் நீட்டுகிறோம். முழுப் பாரமும் மற்றக் காலில்! ஒரு முக்காலியில் அமர்ந்து கால்களைக் கழுவினால் என்ன குறைந்துவிடப் போகிறது?

கிழிந்த பகுதியை வெட்டி அகற்றினார்களா, தைத்தார்களா என்பதை வைத்தியரிடம் கேட்டறியுங்கள். நம் பெண்களில் பலர் இதைக் கேட்பதே இல்லை. தைத்திருந்தால், சில வாரங்களுக்கு 90 பாகைக்கு மேல் மடிக்க வேண்டாம் என்று சொல்வது வழக்கம். குந்துவதற்கான தடை சில மாதங்கள் நீளும். ஸுஜூதுக்கும் அத்தஹிய்யாத் இருப்புக்கும் முழங்கால் அதைவிட அதிகம் மடிய வேண்டியிருப்பதால், தடை நீங்கும்வரை அவற்றைக் கதிரையில் அமர்ந்து நிறைவேற்றலாம். இயலாதவருக்கு மார்க்கம் தந்த சலுகை அது. ஆனால் நிற்க முடிந்தவர் பர்ளுத் தொழுகையில் நிலையை நின்றே நிறைவேற்ற வேண்டும். அப்படி நிற்பது காலுக்கும் நல்லது.

நிதானம் படுத்திருப்பதால் திரும்பாது, பயிற்சி வேண்டும். வைத்தியரோ பிசியோதெரபி செய்பவரோ அனுமதித்த பின், சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றிப் பழகுங்கள். அது இலேசானதும் ஒற்றைக் காலில் சில விநாடிகள் நில்லுங்கள். பிறகு பிடியை விடலாம், மேடை மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ணை மூடி நிற்பதும், மடித்த போர்வையின் மேல் நிற்பதும் கடைசியில்தான். அப்போது மகளோ மருமகளோ பக்கத்தில் நிற்க வேண்டும். சுகமான காலையும் பழக்குங்கள். அதன் நிதானமும் குறைந்திருக்கக்கூடும்.

இவ்வளவு காலமும் வீட்டிலுள்ளவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. நடைபாதையில் இரவு விளக்கு, சுருளாத தரைவிரிப்பு, நிலத்தில் இழுபடாத அபாயா, பின்பட்டியுள்ள செருப்பு ஆகியவற்றைக் கவனியுங்கள். தண்ணீர் வாளி தூக்கும் வேலையை ஆண்பிள்ளைகளிடம் கொடுங்கள். அவர்கள் தேய்ந்துவிட மாட்டார்கள். முழங்கால் திடீரென மடிந்து விட்டுக்கொடுத்தாலோ, நீட்ட முடியாமல் இறுகிக்கொண்டாலோ, வீக்கம் மறுபடி ஏறினாலோ வைத்தியரைக் காணுங்கள். கெண்டைக்கால் வீங்கி நோவெடுத்தால் இரத்தம் உறைந்திருக்கலாம். எண்ணெய் தேய்த்துப் பார்க்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள்.