அணைந்திருக்கும் விளக்கையும் சந்தேகப்படுங்கள்

பழைய பிக்கப் வண்டி வாங்க ஆட்டோ கன்சல்டிங்குக்குப் போகிறவர் முதலில் டயரைப் பார்க்கிறார். குனிந்து சேஸிஸில் துரு ஏறியிருக்கிறதா என்று பார்க்கிறார். லோடு பாடியின் வெல்டிங்கைத் தட்டிப் பார்க்கிறார். சாவியைப் போட்டதும் மீட்டரில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் எரிந்தால், "அது சும்மா சென்சார் லைட்டுண்ணே, பி.எஸ். 6 வண்டின்னா அப்படித்தான் எரியும்" என்று பதில் வருகிறது. எரியாவிட்டால் அவருக்குக் கேட்கவே தோன்றுவதில்லை. எரியும் விளக்கைவிட, எரிய வேண்டிய வண்டியில் எரியாமல் இருக்கும் விளக்குதான் அதிகம் பேரைக் கடனில் தள்ளுகிறது என்பது என் எண்ணம்.

காய்கறி லோடு, தண்ணீர் கேன், பந்தல் சாமான் என்று சொந்தமாக ஓட்டிப் பிழைக்க வண்டி எடுப்பவருக்கு அந்த வண்டிதான் மாத வருமானம். வாங்கிய இரண்டாவது வாரத்தில் இன்ஜெக்டரோ டர்போவோ போனால் தவணையும் நிற்கிறது, அடுப்பும் நிற்கிறது. எனவே பணம் கைமாறுவதற்கு முன் அரை மணி நேரம் செலவழித்து அந்த விளக்கின் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 4 விதி நாடு முழுவதும் 2017 ஏப்ரல் 1 முதலும், பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரல் 1 முதலும் அமலுக்கு வந்தன. இந்தக் காலத்தில் வந்த சிறிய பிக்கப் வண்டிகளில் ஓபிடி என்ற ஏற்பாடு இருக்கிறது. என்ஜினைக் கட்டுப்படுத்தும் ஈசிஎம், சென்சார்கள் அனுப்பும் அளவுகளை ஓயாமல் கவனித்து, புகையைக் கூட்டக்கூடிய கோளாறு எதுவும் தெரிந்தால் அதற்கொரு குறியீட்டைப் பதிந்துவைத்து மஞ்சள் விளக்கை ஏற்றும். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். ஸ்கேனரை அதில் செருகினால் பதிவைப் படித்துவிடலாம்.

ஸ்கேனர் கையில் இல்லாவிட்டாலும் ஒரு சோதனை உண்டு. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். அந்த என்ஜின் படம் எரிந்தாக வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். ஆன் நிலையிலேயே எரியவில்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், மீட்டருக்குள் கறுப்பு டேப் ஒட்டியிருக்கலாம், வயரை வெட்டியிருக்கலாம். அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்திவிடலாம். ஆயில் பிரஷர் விளக்கும் ரேடியேட்டர் சூட்டு விளக்கும் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். என்ஜின் ஓடும்போது சிவப்பில் அவை எரிந்தால் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது.

இதைவிடச் சுலபமான ஏமாற்று ஒன்று இருக்கிறது. ஸ்கேனரில் ஒரு பட்டனை அழுத்தினால் குறியீடு அழிந்துவிடும். பல வண்டிகளில் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலே போதும். பழுது அப்படியே இருக்கும். பல கோளாறுகளை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் உறுதி செய்துகொண்ட பிறகுதான் ஈசிஎம் விளக்கை மறுபடி ஏற்றும். காலையில் அழித்துவிட்டால், மதியம் நீங்கள் தெருவை ஒரு சுற்று சுற்றிவரும்போது மீட்டர் சுத்தமாக இருக்கும். நாலு நாள் கழித்து உங்கள் வீட்டு வாசலில் எரியும்.

ஆனால் அழித்ததற்கும் தடயம் உண்டு. குறியீட்டை அழித்த பின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, விளக்கு எரிந்த நிலையில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற இரண்டு எண்களைப் பெரும்பாலான ஸ்கேனர்கள் காட்டும். கூடவே புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர்., டர்போ அழுத்தம், புகை வடிகட்டி போன்றவற்றின் சோதனைகள் முடிந்தனவா இல்லையா என்ற பட்டியலும் வரும். எல்லா வண்டிகளும் எல்லா எண்களையும் தராது, கிடைப்பதைப் பாருங்கள். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில், அழித்த பின் ஓடிய தூரம் 7 கிலோமீட்டர் என்றும் சோதனைகள் பாதிக்கு மேல் முடியவில்லை என்றும் வந்தால், யாரோ இன்று காலையில் துடைத்திருக்கிறார்கள். "புது பேட்டரி மாட்டினோம்" என்பது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியானால் முழுப் பணத்தையும் கொடுக்காமல், இரண்டு மூன்று நாள் லோடோடு ஓட்டிவிட்டு மறுபடி ஸ்கேன் போட்டுப் பார்க்கலாம். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வண்டி வாங்க வேண்டாம் என்பேன். ஃபோனோடு புளூடூத்தில் இணையும் சிறிய ஸ்கேனர் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. அதில் எல்லாம் வராது என்றாலும் இந்த முதல் சோதனைக்கு உதவும். முழுச் சோதனைக்கு அந்தக் கம்பெனி வண்டியைப் பார்க்கும் பட்டறையின் ஸ்கேனரே நல்லது.

குறியீடு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செலவு வீணாகும் இடம் இதுதான், நிதானம் வேண்டும். குறியீடு எந்தப் பாகத்தை மாற்றவேண்டும் என்று சொல்வதில்லை. எந்த அளவு தவறிப்போயிருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. டீசல் பிக்கப்பில் அடிக்கடி வரும் பி 0087-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பிரித்துக் கொடுக்கும் ரெயில் குழாயில் அழுத்தம் குறைகிறது என்பதே அதன் பொருள். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் வரும். ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருந்தாலும், டேங்கிலிருந்து வரும் லைனில் காற்று இழுத்தாலும் வரும். இன்ஜெக்டர் ஒன்று தேய்ந்து, வரும் டீசலை ரிட்டர்ன் லைனில் கொட்டிக்கொண்டிருந்தாலும் வரும். கடைசியில்தான் பம்ப். நல்ல மெக்கானிக் முதலில் ஃபில்டரைத் திறப்பார். பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னிலும் ஒரு சிறு பாட்டிலை மாட்டி, என்ஜினை ஓடவிட்டு, எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறது என்று பார்ப்பார். குறியீட்டை மட்டும் படித்துவிட்டு "பம்ப் போச்சு" என்பவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பி 0299-ம் இப்படித்தான். டர்போ அழுத்தம் போதவில்லை என்று அது சொன்னதும் டர்போவையே மாற்றச் சொல்வார்கள். இன்டர்கூலர் ஹோஸில் ஒரு கிழிசல், கிளாம்ப் தளர்வு, வேக்குவம் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தாலும் அதே குறியீடுதான் வரும். ஹோஸின் விலைக்கும் டர்போவின் விலைக்கும் ஒப்பீடே இல்லை.

கோளாறு பதிவான அந்த நொடியில் வண்டி என்ன வேகத்தில், எவ்வளவு பாரத்தில், என்ன சூட்டில் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் ஈசிஎம் சேமித்துவைக்கிறது. குறியீட்டை அழிப்பதற்கு முன் அந்தப் பக்கத்தை ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பாரத்தோடு மேடு ஏறும்போது மட்டும் அழுத்தம் குறைந்ததா, காலையில் குளிர்ந்த என்ஜினிலேயே குறைந்ததா என்ற விவரம் மெக்கானிக்கின் பாதி வேலையை முடித்துவிடும். பெட்ரோல், சி.என்.ஜி. வண்டியில் விளக்கு விட்டு விட்டுச் சிமிட்டினால் அது மிஸ்ஃபயர். எரியாத எரிபொருள் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும். அப்போது ஓரங்கட்டிவிடுவதே சிக்கனம்.

பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் பெரிய தலைவலி டி.பி.எஃப். எனப்படும் புகை வடிகட்டி. அதில் சேரும் கரியை வண்டி அவ்வப்போது, ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்குத் தடையில்லாத ஓட்டம் வேண்டும். மார்க்கெட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து மார்க்கெட்டுக்கு என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் நின்று நின்று ஓடிய வண்டியில் இது நடக்காது. வடிகட்டி அடைத்து, பி 2463 வரும், இழுவை போய்விடும். பாதியில் நின்றுபோன சுத்திகரிப்புகளில் டீசல் ஆயிலோடு கலந்து ஆயில் மட்டம் உயர்வதும் உண்டு. டிப்ஸ்டிக்கில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி நின்று, டீசல் வாடையும் அடித்தால் கவனியுங்கள். எனவே அந்த வண்டி இதுவரை எந்த வேலை பார்த்தது என்பதையும் கேட்கவேண்டும். நெடுஞ்சாலையில் ஓடிய வண்டிக்கு மீட்டரில் கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் வடிகட்டி நன்றாக இருக்கலாம்.

இதற்குக் குறுக்கு வழியாக, வடிகட்டியை அறுத்தெடுத்து, இ.ஜி.ஆரை அடைத்து, விளக்கு எரியாதபடி ஈசிஎம் புரோகிராமையே மாற்றிக் கொடுக்கிறார்கள். அப்படிச் செய்த வண்டியை "ஃப்ரீயா இழுக்கும்" என்று சொல்லி விற்கிறார்கள். வாங்கியவருக்குத்தான் வம்பு. கம்பெனி வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 182ஏ பிரிவின்படி அப்படி மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். காற்று மாசு விதியை மீறி ஓட்டினால் 190-வது பிரிவில் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் வண்டிக்குப் பின்னால் நின்று லோடு இறக்குகிறவர்களும் பக்கத்தில் நடந்துபோகிற பிள்ளைகளும்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். மாசுச் சான்றிதழ் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். டீசல் வண்டியில் அந்தச் சோதனை புகையின் அடர்த்தியை அளக்கிறதே தவிர, உள்ளே எந்தப் பாகம் காணாமல் போயிருக்கிறது என்று பார்ப்பதில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, சைலன்சர் பைப்பில் புது வெல்டிங் தெரிகிறதா என்று நீங்களே பாருங்கள்.

ஏமாந்துவிட்டால் என்ன வழி? "லோடு வண்டி வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று பயமுறுத்துவார்கள். அது முழு உண்மை இல்லை. 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கத்தில் சேர்ப்பதில்லை. பழைய சட்டத்தில் இருந்த இதே விளக்கத்தை உச்ச நீதிமன்றம் 1995-ல் அலசியது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடுத்த அந்த வழக்கில், தானே ஓட்டிப் பிழைப்பதற்காக லாரி வாங்குபவரும் நுகர்வோரே என்று நீதிமன்றம் உதாரணம் காட்டியே சொன்னது. முழுக்க வேறொருவர் ஓட்டுவதற்காக வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே விற்பனை ஒப்பந்தத்தில் "சுயதொழிலுக்காக, நானே ஓட்டுவதற்காக" என்ற வரியை எழுதிவையுங்கள்.

விற்பவர் யார் என்பதும் முக்கியம். வியாபாரியிடம் வாங்கினால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. "நான் புரோக்கர்தான், ஓனரைக் கேளுங்க" என்று கன்சல்டிங்காரர் கை விரிப்பதைத் தடுக்க 2023 ஏப்ரல் 1 முதல் புது விதிகள் வந்திருக்கின்றன: பழைய வண்டி வியாபாரி பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று வாங்க வேண்டும், பழைய உரிமையாளர் அவரிடம் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவிக்க வேண்டும், அதன்பின் அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தனிநபரிடம் வாங்கினால் சிவில் நீதிமன்றம்தான் பொதுவான வழி. அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கோளாறை அவர் சொல்லாமல் இருந்தார் என்று மட்டும் வாதாடினால், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்குமே என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு கேட்கும். பல்பைக் கழற்றியதும் டேப் ஒட்டியதும் வெறும் மௌனம் அல்ல. அது 17-வது பிரிவு சொல்லும் 'செயலால் மறைத்த மோசடி'. திட்டமிட்டு ஏமாற்றிப் பணம் பறித்ததற்குச் சான்று இருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் போலீஸ் புகாரும் கொடுக்கலாம்.

சான்றுகள் எல்லாம் வாங்கும் நாளிலேயே உருவாகின்றன. ஸ்கேன் அறிக்கை, மீட்டரின் வீடியோ, "எந்தக் குறியீடும் அழிக்கப்படவில்லை, புகை வடிகட்டியும் இ.ஜி.ஆரும் கம்பெனி நிலையில் உள்ளன" என்று விற்பவர் கையெழுத்திட்ட தாள், வங்கி வழியாகப் போன பணம். வண்டியில் கடன் இருந்திருந்தால் படிவம் 35-ம் ஃபைனான்ஸ் கம்பெனியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். 29, 30 படிவங்களைக் கொடுத்து 30 நாளுக்குள் பெயர் மாற்றுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் மாற்றுங்கள்.

விளக்கு எரிந்துவிட்டால் பிரித்து வேலை பார்ப்பதற்கு முன் வேறொரு பட்டறையில் ஸ்கேன் போட்டு, கோளாறு என்ன, அது எவ்வளவு காலமாக இருந்திருக்கும் என்று எழுதி வாங்குங்கள். பிரித்துவிட்ட என்ஜினை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிப்பது கடினம். கழற்றிய பழைய பாகங்களையும் ஜி.எஸ்.டி. பில்லையும் விடாமல் கேட்டு வாங்குங்கள். பிறகு விற்றவருக்குப் பதிவுத் தபாலில் கடிதம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அங்கே முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டு வரை அவகாசம் உண்டு. இ-ஜாக்ரிதி தளத்தின் வழியாகவும் மனு போடலாம். வண்டி வாங்கிய ஊர் நாமக்கல், நீங்கள் இருப்பது பரமக்குடி என்றால் நாமக்கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் வசிக்கும் ராமநாதபுரம் மாவட்ட ஆணையத்திலேயே புகாரைப் பதியலாம்.