சத்தும் இருக்கு... சயனைடும் இருக்கு! குச்சிக்கிழங்கை எப்படி சாப்பிடணும்?

ஏற்காடு,

ஏற்காட்டில் இருந்து குப்பனூர் வழியாக இறங்கி வாழப்பாடி, ஆத்தூர் பக்கம் போனால் ரோட்டின் 2 பக்கமும் குச்சிக்கிழங்கு காடுகளை பார்க்கலாம். மரவள்ளி, கப்பக்கிழங்கு என்று ஊருக்கு ஊர் பேர்தான் வேறே. கிழங்கு ஒன்றுதான்.

2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலம் ஜவ்வரிசி இந்த கிழங்கில் இருந்துதான் தயாராகிறது. தென் அமெரிக்காவில் இருந்து கடல் கடந்து வந்த பயிர் இது. 2-ம் உலகப்போர் காலத்தில் அரிசி கிடைக்காதபோது பல குடும்பங்களுக்கு சோறு போட்டது.

100 கிராம் பச்சை கிழங்கில் சுமார் 160 கலோரி இருக்கிறது. உருளைக்கிழங்கை விட 2 மடங்கு. மூட்டை தூக்குபவர்கள், காட்டு வேலைக்கு போகிறவர்கள் காலையில் ஒரு தட்டு சாப்பிட்டால் மதியம் வரை தாங்கும். வைட்டமின் சி, பொட்டாசியம், கொஞ்சம் நார்ச்சத்தும் உண்டு. கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களும் சாப்பிடலாம்.

ஆனால் புரதம் 100 கிராமுக்கு ஒன்றரை கிராம் கூட கிடையாது. கிழங்கை மட்டுமே தின்று வயிற்றை நிரப்பினால் உடம்பு தேறாது. கேரளாவில் கப்பைக்கு மீன் குழம்பு வைக்கிறார்களே, அதுதான் சரியான ஜோடி. மீன் இல்லாவிட்டால் முட்டை, பருப்பு, தட்டைப்பயறு.

விஷம் எங்கே இருக்கு?

இந்த கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கை நறுக்கும்போதும் மெல்லும்போதும் அதில் இருந்து சயனைடு பிரிந்து வரும். சதையை விட தோலிலும் இலையிலும் அதிகம். பச்சையாக கடிக்கவே கூடாது. குழந்தைகள் விளையாட்டாக கடிப்பார்கள், கவனம்.

மேல் தோலோடு, உள்ளே ஒட்டி இருக்கும் தடித்த பட்டையையும் சேர்த்து உரிக்க வேண்டும். சின்ன சின்ன துண்டாக நறுக்கி, நிறைய தண்ணீர் ஊற்றி, மூடி போடாமல் வேக வைக்க வேண்டும். குக்கர் வேண்டாம், ஆவி வெளியே போகணும். வெந்த தண்ணீரை கீழே கொட்டி விட வேண்டும். "சத்து போயிடுமே" என்று அந்த தண்ணீரில் குழம்பு வைப்பது ஆபத்து. நெருப்பில் சுடுவதை விட தண்ணீரில் வேக வைப்பதே மேல்.

வாயில் வைத்ததும் கசந்தால் துப்பி விடுங்கள். சேகோ ஆலைக்கு என்றே நடும் ரகங்களில் கசப்பு அதிகம் இருக்கும். அதனால் வாங்கும்போதே "சமையலுக்கா, மில்லுக்கா?" என்று கேட்டு வாங்குங்கள். தோண்டி 2, 3 நாளில் கிழங்கின் உள்ளே நீலமாக, கருப்பாக கோடு விழும். அதையும் வாங்காதீர்கள்.

சாப்பிட்ட பிறகு வாந்தி, தலைசுற்றல், மூச்சு திணறல் வந்தால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

யார் குறைக்கணும்?

சர்க்கரை நோயாளிகள் சோற்றோடு சேர்த்து சாப்பிடக்கூடாது. ஆசைக்கு 2 துண்டு என்றால் அந்த அளவுக்கு சோற்றை குறைக்கணும். தைராய்டு, சிறுநீரக கோளாறு இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்டு சாப்பிடுவது நல்லது.

ஜவ்வரிசியில் இந்த விஷ பயம் இல்லை. ஆலையில் அரைத்து, அலசி, காய வைப்பதிலேயே அது போய்விடும். ஆனால் வைட்டமினும் நாரும் கூடவே போய்விடும். காய்ச்சலில் கஞ்சி வைத்து கொடுத்தால் தெம்பு வரும், அவ்வளவுதான்.

ஆடு, மாடு வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உரித்த பச்சை தோலை அப்படியே தொட்டியில் போடாதீர்கள். குச்சிக்கிழங்கு இலையை மேய்ந்த ஆடுகள் வயிறு உப்பி சாவதும் இதே சயனைடால்தான்.