காணும் பொங்கலன்று கோட்டை விட்டவருக்கு 76 ரூபாய் போச்சு! டிவிடெண்டு தேதியில் ஏமாறுவது எப்படி?

ஒரு ஷேருக்கு 76 ரூபாய் டிவிடெண்டு!

2025-ம் ஆண்டு பொங்கலுக்கு 5 நாள் முன்பு, ஜனவரி 9-ந் தேதி டி.சி.எஸ். கம்பெனி இப்படி அறிவித்தது. இடைக்கால டிவிடெண்டு 10 ரூபாய், சிறப்பு டிவிடெண்டு 66 ரூபாய். நூறு ஷேர் வைத்திருந்தவருக்கு 7 ஆயிரத்து 600 ரூபாய். சும்மாவா?

இந்த மாதிரி அறிவிப்பு வந்தால், ஷேர் மார்க்கெட் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள் கூட "நாமும் பத்து வாங்கிப் போட்டால் என்ன?" என்று கிளம்பி விடுகிறார்கள். மின்சார ரெயிலில் நின்றபடியே செல்போனில் வாங்கியும் விடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து, "என்ன சார், இன்னும் பணமே வரலையே?" என்று புரோக்கர் ஆபீசுக்குப் போன் போடுகிறார்கள்.

அதற்குப் பெரும்பாலும் கம்பெனியும் காரணம் அல்ல, புரோக்கரும் காரணம் அல்ல. தேதிதான் காரணம்!

4 தேதிகள்

டிவிடெண்டுக்கு 4 தேதிகள் உண்டு. அறிவிக்கும் தேதி, 'எக்ஸ்' தேதி, ரெக்கார்டு தேதி, பணம் கொடுக்கும் தேதி. முதலும் கடைசியும் யாருக்கும் புரியும். நடுவில் உள்ள இரண்டில்தான் ஆள் சறுக்கி விழுகிறார்.

ரெக்கார்டு தேதி என்றால், கம்பெனி தன் பங்குதாரர் பட்டியலைப் பார்க்கும் நாள். அன்று பட்டியலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் பணம். ரேஷன் கார்டில் பெயர் இருப்பவருக்குத்தான் அரிசி என்பது போல. "நான்தான் காசு கொடுத்து வாங்கி விட்டேனே" என்று சொன்னால் எடுபடாது. ஷேர் அவருடைய டீமேட் கணக்குக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

இன்று வாங்கும் ஷேர், மார்க்கெட்டின் அடுத்த வேலை நாளில்தான் கணக்குக்கு வருகிறது. எனவே, ரெக்கார்டு தேதிக்கு முந்தைய வேலை நாளுக்குள் வாங்கி விட வேண்டும். அன்றைக்கே வாங்கினால் வீண்.

டி.சி.எஸ். சொன்ன ரெக்கார்டு தேதி 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை. அப்படியானால் கடைசி நாள் 16-ந் தேதி, வியாழக்கிழமை. அன்று காணும் பொங்கல்!

தமிழ்நாடு முழுவதும் லீவு. மெரினாவில் ஜனக்கூட்டம். ஆனால் பம்பாய் மார்க்கெட்டுக்குக் காணும் பொங்கல் ஏது? அது பாட்டுக்கு நடந்தது. "லீவு முடிந்து நாளைக்கு வாங்கிக் கொள்ளலாம்" என்று இருந்து விட்டு 17-ந் தேதி காலையில் வாங்கியவருக்கு ஷேர் வந்தது, 76 ரூபாய் வரவில்லை. அது யாருக்குப் போனது தெரியுமா? அவருக்கு விற்றவருக்கு!

அதுதான் 'எக்ஸ்' தேதி. அன்று முதல் ஷேர் கைமாறினாலும், அந்த டிவிடெண்டு கூட வராது.

2023-ல் வேறு கணக்கு

2023 பொங்கல் சமயத்திலும் இதே கம்பெனி 8 ரூபாயும் 67 ரூபாயுமாக 75 ரூபாய் அறிவித்தது. ரெக்கார்டு தேதியும் அதே ஜனவரி 17-தான். ஆனால் அப்போது இந்த ஷேர் கணக்குக்கு வர 2 வேலை நாள் ஆகும். அதனால் 13-ந் தேதி வெள்ளிக்கிழமையே வாங்கியிருக்க வேண்டும். மாட்டுப் பொங்கலன்று 'எக்ஸ்' ஆகி விட்டது.

2023 ஜனவரி 27 முதல் எல்லா ஷேர்களும் 'மறுநாள்' முறைக்கு வந்து விட்டன. எனவே இப்போது 'எக்ஸ்' தேதியும் ரெக்கார்டு தேதியும் ஒரே நாள்தான். பழைய கணக்கை மனதில் வைத்துக் கொண்டு குழம்ப வேண்டியதில்லை.

பத்திரம் பேப்பராக இருந்த காலத்தில் இன்னும் பெரிய பாடு. கையெழுத்துப் போட்ட மாற்றுப் பத்திரத்தை, கம்பெனி பேரேட்டை மூடுவதற்குள் கொண்டு போய்ச் சேர்க்க வேண்டும். சென்னை செகண்ட் லைன் பீச்சில் இருந்த பங்குச் சந்தை 2015-ல் விடைபெற்று விட்டது. பத்திரக் கட்டோடு அலைந்தவர்களும் அதற்கு முன்பே குறைந்து விட்டார்கள்.

இலவசம் அல்ல!

சரி, ஒரு நாள் முன்னதாக வாங்கி, மறுநாளே விற்று விட்டால் 76 ரூபாய் சுளையாக மிச்சம்தானே?

அங்கேதான் இருக்கிறது விஷயம். காய் தொங்கும் மாமரத்துக்கு ஒரு விலை. காய் பறித்த பிறகு அதே மரத்துக்கு அதே விலை யார் கொடுப்பார்? 4 ஆயிரம் ரூபாய் ஷேர் என்றால், 'எக்ஸ்' தேதி காலையில் ஏறக்குறைய 76 ரூபாய் குறைத்துத்தான் கேட்பார்கள். மார்க்கெட்டின் மற்ற ஏற்ற இறக்கத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆனால் போவது போகத்தான் செய்யும்.

அதோடு வரி. 2020 ஏப்ரல் முதல் டிவிடெண்டு வாங்குபவரின் வருமானத்தோடு சேர்ந்து விட்டது. 30 சதவீத வரி கட்டுகிறவருக்கு 76 ரூபாயில் 23 ரூபாய்க்கு நெருக்கமாகப் போய் விடும். விலையிலும் இறக்கம், கையிலும் வரி! டிவிடெண்டுக்காகவே ஒரு நாள் மட்டும் வாங்குவது குமாஸ்தா சம்பளக்காரருக்கு ஒத்து வராத வேலை.

"400 சதவீதம் டிவிடெண்டு" என்ற தலைப்பைப் பார்த்தும் மயங்கக் கூடாது. அது மார்க்கெட் விலையில் அல்ல, முக மதிப்பில். முக மதிப்பு 1 ரூபாய் என்றால் 400 சதவீதம் வெறும் 4 ரூபாய்.

பணம் எப்போது?

இடைக்கால டிவிடெண்டை டைரக்டர்களே அறிவிக்கலாம். இறுதி டிவிடெண்டு அப்படி அல்ல. டைரக்டர்கள் சிபாரிசுதான் செய்வார்கள். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பங்குதாரர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கூட்டம் தொகையைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. முறைப்படி அறிவித்ததில் இருந்து 30 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது கம்பெனி சட்டம். 2025 ஜனவரி 9-ந் தேதி அறிவித்த 76 ரூபாய்க்கு டி.சி.எஸ். குறித்த நாள் பிப்ரவரி 3.

ஒரே கம்பெனியிடம் இருந்து ஆண்டுக்கு 10 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் வரி பிடித்துக் கொண்டுதான் தருவார்கள். 2025 ஏப்ரலுக்கு முன்பு இந்த வரம்பு 5 ஆயிரமாக இருந்தது. தொகை குறைவாக வந்ததே என்று பதறுகிறவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

பெட்டியில் தூங்கும் பத்திரம்

புதிதாக வாங்குகிறவரை விட, ஏற்கனவே ஷேர் வைத்திருப்பவர்தான் இன்னொரு கெடுவுக்குப் பயப்பட வேண்டும். 7 ஆண்டு!

கேட்காமல் கிடக்கும் டிவிடெண்டு தனி வங்கிக் கணக்குக்குப் போகும். 7 ஆண்டு ஆகியும் கேட்காவிட்டால், மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய் விடும். தொடர்ந்து 7 ஆண்டு டிவிடெண்டு வாங்காமல் இருந்தால், அந்த ஷேரே போய் விடும்! வீடு மாறியவர்கள், வங்கிக் கணக்கை மூடியவர்கள், இறந்து போனவர்களின் வாரிசுகள்தான் இதில் மாட்டிக் கொள்கிறார்கள்.

பேப்பர் பத்திரமாகவே வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 2024 ஏப்ரல் 1 முதல் அவர்களுக்கும் வங்கிக் கணக்கில்தான் டிவிடெண்டு. பான், வங்கி விவரங்களைக் கம்பெனியின் ரிஜிஸ்திராரிடம் பதிவு செய்யும் வரை பணம் நின்று விடும்.

அரசு நிதிக்குப் போனதையும் திரும்பக் கேட்கலாம். ஆன்லைனில் விண்ணப்பித்து, கம்பெனிக்கும் ஆவணங்களை அனுப்ப வேண்டும். வாரிசுகளும் கேட்கலாம், பேப்பர் வேலைதான் கொஞ்சம் அதிகம். கேட்பாரற்றுக் கிடக்கும் டிவிடெண்டு யார் யாருக்கு உரியது என்ற பெயர்ப் பட்டியலைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அப்பா பெயரோ தாத்தா பெயரோ அதில் இருக்கிறதா என்று பார்க்கக் கட்டணம் எதுவும் கிடையாது.