கடையில் ஓடுகிறது, வீட்டில் நின்றுவிடுகிறது... உங்கள் லேப்டாப் க்ராஷ் ஆக இந்தக் குட்டி ‘ஹப்’ காரணமாக இருக்கலாம்!

லேப்டாப் அடிக்கடி தானாக அணைந்துவிடுகிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், அங்கே நாள் முழுக்க ஒழுங்காக ஓடுகிறது. “ஒரு பிரச்னையும் இல்லையே சார்” என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்து, எல்லா ஒயரையும் சொருகி வேலையை ஆரம்பித்தால், அரை மணி நேரத்தில் மறுபடியும் நீலத் திரை!

இப்படி அலையும் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. சர்வீஸுக்குப் போவது லேப்டாப் மட்டும்தான். மவுஸ், ஹார்டு டிஸ்க், மானிட்டர் எல்லாவற்றையும் இணைக்கும் யு.எஸ்.பி ஹப் வீட்டு மேஜையிலேயே இருந்துவிடுகிறது. கோளாறு அந்த ஹப்பில் இருந்தால், எந்த மெக்கானிக்காலும் அதைக் கடையில் கண்டுபிடிக்க முடியாது. அது தெரியாமல் ஃபார்மேட் செய்து, ரேம் மாற்றி, கடைசியில் மதர்போர்டு வரை செலவு செய்பவர்களும் உண்டு.

பாகங்களுக்குப் பணம் கொடுக்கும் முன், காசு செலவில்லாத ஒரு பரிசோதனையை வீட்டிலேயே செய்து பார்த்துவிடலாம்.

ஒரு குட்டிப் பெட்டி எப்படி லேப்டாப்பையே நிறுத்தும்?

‘ஹப் கெட்டால் ஹப்தானே வேலை செய்யாது? லேப்டாப் ஏன் நிற்க வேண்டும்?’ என்பது நியாயமான கேள்வி. இதற்கு ஒரு புகழ்பெற்ற உதாரணம் இருக்கிறது. 1998 ஏப்ரலில் சிகாகோவில் நடந்த காம்டெக்ஸ் கண்காட்சியில், வெளிவரவிருந்த விண்டோஸ் 98-ஐ மேடையில் அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார் பில் கேட்ஸ். யு.எஸ்.பி வசதி எவ்வளவு எளிது என்று காட்டுவதற்காக, உடனிருந்த ஊழியர் ஒரு ஸ்கேனரைச் சொருகினார். அடுத்த சில நொடிகளில் அரங்கின் பெரிய திரை முழுக்க நீலம்! வெளியிலிருந்து சொருகும் ஒரு பொருள் கம்ப்யூட்டரையே நிறுத்திவிட முடியும் என்பதை அன்று உலகமே பார்த்தது.

ஹப் விஷயத்தில் இது பெரும்பாலும் மூன்று வழிகளில் நடக்கிறது.

முதலாவது, மின்சாரப் பற்றாக்குறை. யு.எஸ்.பி 2.0 விதிப்படி ஒரு போர்ட் தரவேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். யு.எஸ்.பி 3.0-ல் இது 900 மில்லி ஆம்பியர், 4.5 வாட். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் நான்கு ஓட்டைகள் இருந்தாலும், நான்கும் பங்கு போட்டுக்கொள்வது இந்த ஒரு போர்ட்டின் மின்சாரத்தைத்தான். ஒரே பிளக் பாயின்ட்டில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு அயர்ன் பாக்ஸ், மிக்ஸி, ஹீட்டர் மூன்றையும் ஓட்டுவது போலத்தான் இது. ஹார்டு டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் மின்சாரத் தேவை எகிறும். அப்போது ஹப்பில் இருக்கும் எல்லாமே ஒரு கணம் துண்டிக்கப்பட்டு மறுபடி இணையும். இது திரும்பத் திரும்ப நடக்கும்போது லேப்டாப் உறைந்துபோகலாம்.

இரண்டாவது, டிரைவர் குழப்பம். ஹெச்.டி.எம்.ஐ, நெட்வொர்க் கேபிள், மெமரி கார்டு என எல்லாம் சேர்ந்த ஹப்புகளுக்குள் பல தனித்தனி சிப்கள் இருக்கின்றன. அவற்றை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் விண்டோஸின் அடி ஆழத்தில் வேலை செய்கிறது. அங்கே தவறு நடந்தால், விண்டோஸ் தன்னைக் காத்துக்கொள்ள எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு பிழைத் திரையைக் காட்டும். லேப்டாப்பை மூடிவைத்துத் திரும்பத் திறக்கும்போது மட்டும் க்ராஷ் ஆகிறது என்றால், இந்தக் காரணத்தைச் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, ஹப் வழியாகவே சார்ஜ் செய்வது. டைப்-சி ஹப்பில் சார்ஜரைச் சொருகினால், மின்சாரம் ஹப்பைத் தாண்டித்தான் லேப்டாப்புக்குப் போகும். ஹப்பின் இணைப்பு தளர்ந்திருந்தால் அது விட்டுவிட்டு வரும். பேட்டரி நன்றாக இருக்கும் லேப்டாப் இதைச் சமாளித்துவிடும். பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப் அந்த நொடியே பட்டென்று அணைந்துவிடும்.

அறிகுறிகள் என்னென்ன?

க்ராஷ் ஆவதற்கு முன் லேப்டாப் பல நேரம் குறிப்பு காட்டும். எதையும் தொடாதபோதே யு.எஸ்.பி சொருகும், பிடுங்கும் சத்தம் மாறி மாறிக் கேட்பது, மவுஸ் அம்புக்குறி ஒரு நொடி நின்று நகர்வது, வெளி மானிட்டர் கறுப்பாகி மீண்டும் வருவது, ஹார்டு டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம், ஹப் தொட முடியாத அளவுக்குச் சுடுவது ஆகியவை முக்கியமானவை.

தேதியோடு பார்க்க வேண்டுமா? விண்டோஸ் தேடல் பெட்டியில் ‘ரிலையபிலிட்டி’ என்ற ஆங்கிலச் சொல்லை டைப் செய்தால், ‘ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ என்ற பக்கம் வரும். எந்த நாளில் என்ன நின்றது என்பது அங்கே சிவப்புப் பெருக்கல் குறியோடு இருக்கும். ஹப் வாங்கிய தேதியையும் அந்தக் குறிகள் தொடங்கிய தேதியையும் ஒப்பிட்டாலே சில நேரம் விடை கிடைத்துவிடும்.

ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்று கண்டதும் பவர் கோளாறு என்று சிலர் சார்ஜரை மாற்றிவிடுகிறார்கள். அந்தப் பதிவுக்கு அர்த்தம், ‘போன முறை லேப்டாப் முறையாக ஷட்டவுன் ஆகவில்லை’ என்பது மட்டும்தான். காரணம் என்ன என்பதை அது சொல்வதில்லை.

5 படிகளில் கண்டுபிடிக்கலாம்

இதில் விதி ஒன்றே ஒன்று: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

1. முதலில் முக்கியமான ஃபைல்களை பேக்கப் எடுங்கள். ஹார்டு டிஸ்க்கை ஹப்பில் சொருகாமல், நேராக லேப்டாப்பில் சொருகி எடுங்கள்.

2. ஷட்டவுன் செய்து, ஹப் உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். லேப்டாப்போடு வந்த சார்ஜரை மட்டும் நேராக மாட்டி, வழக்கமான வேலையைச் செய்யுங்கள். தினம் ஒருமுறை க்ராஷ் ஆகும் லேப்டாப் என்றால், குறைந்தது மூன்று நாள் கவனியுங்கள். ஒரு மணி நேரம் ஓடியதை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

3. பிரச்னை இல்லையா? இப்போது வெறும் ஹப்பை மட்டும் சொருகுங்கள். அதில் எதையும் இணைக்காதீர்கள். இப்போதே க்ராஷ் ஆனால், ஹப்போ அதன் டிரைவரோதான் காரணம்.

4. அதிலும் தப்பித்தால், மவுஸ், பென் டிரைவ், ஹார்டு டிஸ்க், மானிட்டர், சார்ஜர் என ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் பிரச்னை தொடங்குகிறது என்று தேதி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

5. பிரச்னை தந்த பொருளை இப்போது ஹப் இல்லாமல் நேராக லேப்டாப்பில் சொருகிப் பாருங்கள். நன்றாக ஓடினால் ஹப் மீதுதான் சந்தேகம். அப்போதும் க்ராஷ் ஆனால், அந்தப் பொருளிலோ அதன் கேபிளிலோ கோளாறு.

எதுவுமே சொருகாத இரண்டாவது படியிலேயே லேப்டாப் நின்றால், ஹப் நிரபராதி. ரேம், சூடு, எஸ்.எஸ்.டி, லேப்டாப்பின் டிரைவர்கள் என்று பார்க்க வேண்டியதுதான். அப்போது சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். போகும்போது ஹப், கேபிள், சார்ஜர் மூன்றையும், குறித்துவைத்த தாளையும் கையோடு கொண்டுபோங்கள். மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம்.

ஹப்தான் காரணம் என்று தெரிந்ததும்...

உடனே தூக்கிப் போட வேண்டியதில்லை. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் பயாஸ், டிரைவர் அப்டேட் இருக்கிறதா, ஹப் நிறுவனத்தின் தளத்தில் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் தனியாகக் கழற்றக்கூடியது என்றால் வேறு நல்ல கேபிள் போட்டுப் பாருங்கள். வாரன்டி இருந்தால் பில்லோடு மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் கருகிய வாடை வந்தாலோ, பிளாஸ்டிக் உருகியிருந்தாலோ, பின் வளைந்திருந்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம். ‘வேற லேப்டாப்ல போட்டுப் பார்க்கலாமே’ என்ற விஷப்பரீட்சை கூடவே கூடாது. டைப்-சி கேபிள்களை வாங்கிப் பரிசோதித்து வந்த கூகுள் பொறியாளர் பென்சன் லியுங், 2016-ல் அப்படி ஒரு கேபிளைச் சொருகியதும் அவருடைய லேப்டாப்பே பாழானது. உள்ளே மின்சார ஒயரும் கிரவுண்ட் ஒயரும் இடம் மாறி இணைக்கப்பட்டிருந்ததுதான் காரணம். அதே ஆண்டு, விதிகளுக்கு உட்படாத டைப்-சி கேபிள்களைத் தன் தளத்தில் விற்க அமேசான் தடை விதித்தது.

புதிய ஹப் வாங்கும்போது

மவுஸ், கீபோர்டு, பென் டிரைவுக்கு மட்டும் என்றால் சாதாரண ஹப் போதும். ஹார்டு டிஸ்க் இணைப்பவர்கள் தனி அடாப்டர் உள்ள ஹப்பாகப் பார்த்து வாங்குவது நல்லது. அந்த அடாப்டரில் பி.ஐ.எஸ் முத்திரையும் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஹப் வழியாக சார்ஜ் செய்வதாக இருந்தால், அது எத்தனை வாட் தாங்கும் என்பதை உங்கள் சார்ஜரின் வாட் அளவோடு ஒப்பிடுங்கள். லேப்டாப்பில் தனி சார்ஜிங் போர்ட் இருக்கும்போது, சார்ஜரை நேராக அதிலேயே மாட்டுவதுதான் பாதுகாப்பு.

பழுதான பழைய ஹப்பை ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று டிராயரில் போட்டுவைக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து, தேர்வுக்கு முந்தின நாள் ராத்திரி, வீட்டுப் பிள்ளை அதை எடுத்துத் தன் லேப்டாப்பில் சொருகக்கூடும். அதன் மேல் ‘பழுது’ என்று எழுதி ஒட்டி, இ-வேஸ்ட் சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.