மாலை நேரம் யாருக்குச் சொந்தம்?

உழைப்பும் ஓய்வும் – 9

பெரம்பூரில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒன்று இருந்தது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்திய சபை. சமயச் சொற்பொழிவு கேட்கப் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களும் அங்கே வருவார்கள். வந்த இடத்தில் ஆலைக் குறைகளும் பேச்சில் வந்தன. மதியச் சோற்றை விழுங்கவே போதாத இடைவேளை அவற்றில் ஒன்று. அந்தப் பேச்சு வளர்ந்துதான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்.

தொழிற்சங்க வரலாறு பேசுபவர்கள் இந்தச் சபையைச் சட்டென்று கடந்துவிடுகிறார்கள். எனக்கோ அதுதான் பெரிதாகப் படுகிறது. 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, நெசவாலையில் ஓர் ஆணை நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அவ்வளவு நேரம் எந்திரத்தோடு நின்றவர்களும் நாலு பேரோடு உட்கார்ந்து நல்லது கேட்க நேரம் தேடிக்கொண்டார்கள். களைப்பு தீர்வது மட்டுமே ஓய்வு என்றால், அவர்கள் நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்பார்களே!

வேலை நேரம் மெல்ல மெல்லத்தான் குறைந்தது. 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54, 1946இல் 48. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலும் நின்றது அந்த 48தான். நாளுக்கு 9 மணிக்கு மேல் கூடாது என்பதும் அதில் இருந்தது.

இந்த நாள் வரம்பைத்தான் 2023 ஏப்ரல் 21 அன்று தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறிய மசோதா தளர்த்தப் பார்த்தது. வாரத்துக்கு 48 மணி மாறாது, நாலு நாள் பன்னிரண்டு மணி நேரம் உழைத்தால் மூன்று நாள் விடுமுறை என்று விளக்கம் சொன்னார்கள். எதிர்ப்பு வலுத்தது. மே 1 அன்று மசோதா திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு.

கூட்டிக் கழித்தால் அந்த நாலு நாள் கணக்கு சரிதான். ஆனால் பன்னிரண்டு மணி நேர வேலையோடு பேருந்துப் பயணத்தையும் சேர்த்தால், வீடு திரும்புகிற பெண்ணுக்கு அந்த நாளில் என்ன மிஞ்சும்? பிள்ளை தூங்கியிருக்கும். திங்கட்கிழமை அது பள்ளியிலிருந்து கொண்டுவந்த கதையை வெள்ளிக்கிழமை கேட்க முடியாது. அதற்குள் அதுவே மறந்திருக்கும். ஓய்வு, சோறு மாதிரி, அன்றன்றைக்கு வேண்டும்.

தங்களை யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்று நம்புகிறவர்களிடமும் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலையின் கணினி நிறுவனங்களில், அமெரிக்காவில் விடியும் நேரத்துக்கு இங்கே அழைப்புகள் தொடங்குகின்றன. ‘இன்னும் பத்து வருஷம் ஓடிட்டா அப்புறம் நிம்மதியா இருக்கலாம்’ என்கிறார்கள் அந்த இளைஞர்கள். அவர்களுடைய உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. பத்து வருஷத்து மாலைகளைச் சேர்த்து ஒரே தவணையில் யாரும் திருப்பித் தருவதில்லை என்பதுதான் என் கவலை. அதற்குள் பாட்டுப் பயிற்சி விட்டுப்போகும், நண்பன் தூரமாகிவிடுவான், அப்பாவுக்குக் காது மந்தமாகிவிடும்.

துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றபடி வேலை செய்பவர்களுக்கு மாலை என்பதே வியாபாரம் சூடு பிடிக்கும் நேரம். அவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழகம் சட்டத்தைத் திருத்தியது. அந்த இருக்கைகளைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)