ஒட்டு எத்தனை நாள் தாங்கும்?

சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பல்லின் நிறத்திலேயே குழியை அடைத்துக்கொள்வது இன்று சிற்றூர்ப் பல் மருத்துவமனைகளில்கூடச் சாதாரணமாகிவிட்டது. அடைத்தது வெளியே தெரியவில்லை என்பதைத்தான் பலரும் அதன் பெருமையாகச் சொல்கிறார்கள். அதன் சாதனைகளில் நிறம் மிகச் சிறியது. பாதரசம் கலந்த பழைய வெள்ளி அடைப்பு பல்லோடு ஒட்டாது. குழியின் அடி அகன்றும் வாய் குறுகியும் இருந்தால்தான் கழன்று விழாமல் நிற்கும். அந்த வடிவத்துக்காக நல்ல பல்லையும் சேர்த்துக் குடைய வேண்டியிருந்தது. காம்போசிட் என்னும் பிசின் கலவைக்கு அது தேவையில்லை. சொத்தையை மட்டும் எடுத்தால் போதும், மற்றதை ஒட்டு பார்த்துக்கொள்ளும். ஆகவே இந்த அடைப்பின் ஆயுள், சில மைக்ரான் தடிமனே உள்ள அந்த ஒட்டில்தான் பெரிதும் இருக்கிறது. அதன் வலுவை அளக்கும் ஆய்வகங்கள் எண்களை அள்ளித் தருகின்றன. ஒட்டிய மறுநாள் எடுத்த எண்ணை நம்பி ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, நீரில் மாதக்கணக்கில் ஊறியபின் எடுத்த எண்ணையே கேட்க வேண்டும் என்பது என் வாதம்.

எனாமலில் ஒட்டுவது எளிதாகவே கைகூடியது. உலோகத்தில் பெயின்ட் நன்றாகப் பிடிக்க ஆலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவதுண்டு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மைக்கேல் புவோனோகோர் அதே அமிலத்தை எனாமலில் 30 விநாடி வைத்துக் கழுவி, அதன்மேல் பிசினை ஒட்டினார். வெறும் எனாமலில் ஒட்டியதைவிடப் பல மடங்கு காலம் அது நின்றது. 1955-இல் அவர் இதை வெளியிட்டார். எனாமலின் எடையில் 96 விழுக்காடு தாது. அமிலம் அதில் நுண்ணிய பள்ளங்களைப் பறிக்கிறது, பிசின் அவற்றுக்குள் இறங்கி இறுகுகிறது. 1962-இல் ரஃபேல் போவன் பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசினுக்குக் காப்புரிமை பெற்றார். சிலேன் பூசிய சிலிக்காத் துகள்களை அதில் கலந்ததும் கடைவாய்ப் பல்லின் அரைப்பைத் தாங்கும் கலவைக்கு வழி பிறந்தது.

எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் அப்படி இடம் கொடுக்கவில்லை. அதில் தாது 70 விழுக்காடுதான். மீதி கொலாஜன் நாரும் நீரும். பல்கூழ்வரை ஓடும் நுண்குழாய்களில் திரவம் நிறைந்திருக்கும். நீரை வெறுக்கும் பிசினை ஈரமான, உயிருள்ள பரப்பில் ஒட்டவேண்டும். தோக்கியோவில் நொபுவோ நகபயாஷி 1982-இல் விடையைக் காட்டினார்: அமிலம் தாதுவைக் கரைத்தபின் எஞ்சும் கொலாஜன் வலைக்குள் பிசின் ஊடுருவி இறுகி, பல்லும் அல்லாத பிசினும் அல்லாத ஒரு கலப்படுகை உண்டாகிறது. ஆனால் அந்த வலையை அளவுக்குமேல் உலர்த்தினால், கயிறு அவிழ்ந்த கொசுவலை போலத் துவண்டு படிந்துவிடும். பிசின் நுழைய வழியிருக்காது. ஈரம் மிஞ்சினாலோ பிசின் நீர்த்துப்போகும்.

இந்த ஒட்டை அளக்கும் வேலை பிடுங்கிய ஞானப்பல்லிலிருந்து தொடங்குகிறது. தலைப்பகுதியை வைர ரம்பத்தால், நீர் ஊற்றிக்கொண்டே அறுத்து டென்டினைத் திறக்கிறார்கள். உப்புத்தாளால் தேய்த்து, மருத்துவரின் துளைகருவி விட்டுச்செல்வது போன்ற தூள்படலத்தை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். அமிலம், கழுவல், ஒட்டாக இறுகும் பாண்டிங் திரவம், நீல ஒளி, மேலே காம்போசிட் அடுக்குகள். 37 பாகை வெதுவெதுப்பான நீரில் ஒரு நாள் வைத்தபின் பல்லை நெடுக்காகவும் குறுக்காகவும் அறுத்தால் ஒரு மில்லிமீட்டர் சதுரக் குச்சிகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் பாதி பல், பாதி பிசின். ஹிதேஹிகோ சானோ 1994-இல் அறிமுகப்படுத்திய நுண்ணிழுவை முறையின் வழி வந்தது இது. குச்சியின் இரு முனைகளையும் பொறியில் ஒட்டி, நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவு மெதுவாக இழுக்கிறார்கள். 40 மெகாபாஸ்கலில் அறுந்தால், அந்த ஒரு சதுர மில்லிமீட்டர் ஏறக்குறைய நான்கு கிலோ எடையைத் தாங்கியது என்று பொருள். அழகான எண், விளம்பரத்துக்கு மிகப் பொருத்தம்.

அதே குச்சிகளை ஆறு மாதமோ ஓராண்டோ நீரில் போட்டுவிட்டு இழுத்தால் கதை மாறுகிறது. எல்லாவற்றையும் ஒரே புட்டியில் அடக்கிய எளிய திரவங்கள் பெரும்பாலும் கூடுதலாகத் தளர்கின்றன. அவற்றின் படலம் நீரைத் தன்னூடே விடும். பிசினின் எஸ்டர் பிணைப்புகளை நீர் மெல்ல அறுக்கிறது. இன்னொரு காரணம் பல்லுக்குள்ளேயே இருக்கிறது. 2004-இல் டேவிட் பாஷ்லியின் குழு, அமிலம் பட்ட டென்டினைச் செயற்கை உமிழ்நீரில் 250 நாள் வைத்தது. நொதித்தடுப்பான் சேர்த்த மாதிரியில் கொலாஜன் நிலைத்தது, சேர்க்காததில் சிதைந்தது. சிதைத்தது பாக்டீரியா அல்ல, டென்டினிலேயே உறங்கிக்கிடந்து அமிலத்தால் விழித்த நொதிகள். பிசின் எட்டாமல் விட்ட நார்களையே அவை தின்கின்றன. முதல் நாள் இழுவையில் இந்த ஓட்டை தெரியவே தெரியாது.

ஆய்வகக் குச்சி வாய் ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. அதில் மெல்லுதல் இல்லை, பல்கூழின் அழுத்தம் இல்லை. மேலும் ஒரு மில்லிமீட்டர் குச்சியை நான்கு புறமும் நீர் தாக்கும். வாயிலோ சுற்றியுள்ள எனாமல் விளிம்பு டென்டினைக் காக்கிறது. லூவன் பல்கலைக்கழகத்தார் நான்காண்டு நீரில் வைத்து இதையே நிறுவினார்கள்: எனாமல் சூழ்ந்த ஒட்டு தாக்குப்பிடித்தது, திறந்து கிடந்தது தேய்ந்தது. கேள்வி நியாயமானதுதான். ஆகவே ஓராண்டு ஊறிய குச்சியை வைத்து, உங்கள் பல் இத்தனை ஆண்டு நிற்கும் என்று யாரும் ஜோசியம் சொல்ல முடியாது. ஆனால் எந்தத் திரவம் எதைவிட மேல் என்று வரிசைப்படுத்தலாம். ஈறோரத் தேய்வுக் குழிகளில் அடைப்பைப் பிடித்துவைக்க ஒட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. அங்கே அடைப்பு நிற்பதோடு முதிர்ந்த ஒட்டின் வலு ஒத்துப்போவதை பார்ட் வான் மீர்பீக் குழு 2010-இல் காட்டியது. மறுநாள் எண்ணுக்கு இந்தத் துணை கிடைக்கவில்லை.

பொருளைவிட மருத்துவரின் கைதான் முக்கியம் என்பது இன்னொரு மறுப்பு. லிஸ்பனில் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. ஏழு ஆண்டுவரை பார்த்ததில் வெள்ளி அடைப்புகளில் 94.4 விழுக்காடும் காம்போசிட்டில் 85.5 விழுக்காடும் நிலைத்தன. தோற்றவற்றில் முதன்மைக் காரணம் விளிம்பில் மீண்டும் விழுந்த சொத்தை. கையும் சர்க்கரையும் இதில் பங்காளிகள் என்பதை ஏற்கிறேன். ஆனால் கை பிசகினால் எவ்வளவு கெடும் என்பதும் பொருளின் குணமே. சற்று உலர்ந்த, சற்று ஈரமான டென்டினில் ஒரே திரவத்தை ஒட்டி ஆய்வகம் அதையும் அளக்க முடியும். அப்படியானால் வெள்ளியிலேயே இருந்துவிடலாமே என்றால், பாதரசத்தைக் குறைக்க 2013-இல் உருவான மினமாட்டா உடன்படிக்கையின் பின் அந்தக் கதவு சாத்தப்பட்டு வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல், மருத்துவத் தேவை இருந்தாலொழிய அதை நிறுத்திவிட்டது.

கால்சியத்தோடு வேதிப்பிணைப்பே கொள்ளும் 10-எம்டிபி மூலக்கூறு, தாதுவை முழுவதும் கரைக்காத மென்மையான அமிலங்கள், நொதிகளை அடக்கும் குளோர்ஹெக்சிடின் என்று ஆய்வு இப்போது போகும் திசையெல்லாம் நீரையும் காலத்தையும் எதிர்கொள்வதற்கே. எனவே ஒரு திரவத்தின் விளம்பரத்தில் 40 மெகாபாஸ்கல் என்று கண்டால், பல் மருத்துவர் அதன் பக்கத்தில் மூன்று தகவல்களைக் கேட்டு வாங்க வேண்டும்: ஓராண்டு நீரில் ஊறியபின் அது எத்தனை, அறுக்கும்போதே உடைந்து கணக்கில் வராமல்போன குச்சிகள் எத்தனை, அறுந்தது ஒட்டிலா பல்லிலா பிசினிலா.