கோவையில் உறங்கும் செய்தி

வற்றாத ஆறொன்றில்லாத நம் குடாநாட்டிற்குக் கிணறே உயிர். 2014, 2015ஆம் ஆண்டுகளில் சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்ததென்று மக்கள் கலங்கியதை நாம் மறந்திலோம். நீரைச் சோதித்த அறிக்கை கந்தோர்க் கோவையில் உறங்குமாயின், அந்நீரை அருந்தலாமா என்பதை நாம் எங்ஙனம் தெளிவது?

அன்று இல்லாத வழி இன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையிலுள்ளது. சுவீடன் 1766இலேயே இத்தகைய உரிமையை வழங்கிவிட்டது.

பிரதேச சபையோ, செயலகமோ, உரிய கந்தோரின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்டால், அலுவலரே எழுதிக்கொள்ளல் வேண்டும். காரணம் கூறவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுள் அவர் முடிவு கூறல் வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். தேசியப் பாதுகாப்பு, பிறர் அந்தரங்கம் முதலிய விலக்குகள் உள. பொதுநலன் மேலோங்குமிடத்து அவையும் தடையாகா.

மாணவர்களே, “ஏன் செய்தீர்கள்?” என்று வினவுவதிலும், “எந்தத் திகதியில் எடுத்த எந்த அறிக்கை?” என்று கேட்பதே பயன் தரும். விண்ணப்பித்ததற்கு ஒப்புகைச் சீட்டையும் பெற்றுக்கொள்ளுங்கள். கேளாத உரிமை ஏட்டுச் சுரைக்காயே.